35 லிட்டர் தண்ணீர், 20 கிலோ கரி: ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’ ரசவாதக் கணக்கில் தேறுமா?

தண்ணீர் 35 லிட்டர், கரி 20 கிலோ, அம்மோனியா 4 லிட்டர், சுண்ணாம்பு 1.5 கிலோ, பாஸ்பரஸ் 800 கிராம், உப்பு 250 கிராம், வெடியுப்பு 100 கிராம், கந்தகம் 80 கிராம், ஃபுளோரின் 7.5 கிராம், இரும்பு 5 கிராம், சிலிக்கான் 3 கிராம், இன்னும் 15 தனிமங்கள் துளித்துளியாக. வளர்ந்த மனித உடல் ஒன்றுக்கான சரக்குப் பட்டியல் இது. இறந்த தாயை ரசவாதத்தால் மீட்கத் தம்பியோடு முயன்ற சிறுவன், தொடரின் நாயகன் எட்வர்ட் எல்ரிக் இதை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். எல்லாவற்றையும் ஒரு சிறுவனின் கைச்செலவுக் காசில் சந்தையில் வாங்கிவிடலாம் என்றும் அடித்துச் சொல்வான்.

ஹிரோமு அரகாவா 2001 முதல் 2010 வரை வரைந்த 27 தொகுதி மாங்காவை (ஜப்பானியப் படக்கதை), யசுஹிரோ இரியே இயக்கத்தில் போன்ஸ் ஸ்டுடியோ 64 பகுதி அனிமேஷன் தொடராக எடுத்தது. 2009 ஏப்ரலில் தொடங்கி 2010 ஜூலையில் முடிந்தது. கதை எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: பாருங்கள். இங்கே எடைபோடுவது கதை நிற்கும் தரையை. அதில் வரும் ரசவாதம் நிஜ ரசவாதத்தோடு எங்கே ஒட்டுகிறது, எங்கே கழன்றுகொள்கிறது, வரலாற்றிலிருந்து எதை எடுத்து எப்படித் திருப்பிப் போட்டிருக்கிறது என்பதை. முடிச்சுகள் சில அவிழும். இன்னும் பார்க்காதவர்கள் கடைசிப் பத்திகளுக்கு நேரே போய்விடலாம்.

பட்டியலிலிருந்தே தொடங்கலாம். ஓ நிலை வேதியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு மாலைப் பொழுதுக்கு நல்ல வேலை இது. அம்மோனியா 4 லிட்டர் என்றால் வாயுவா, திரவமா? பட்டியல் சொல்லவில்லை. வாயு என்றால் மொத்தமே 3 கிராம்தான்; 100 கிராம் தசைக்குக்கூட அதிலுள்ள நைட்ரஜன் போதாது. குளிரவைத்துத் திரவமாக்கியது என்று வைத்துக்கொண்டால் சுமார் 2.7 கிலோ, அதில் நைட்ரஜன் 2.2 கிலோ. அப்படியானால் மொத்தச் சரக்கு ஏறத்தாழ 60 கிலோ. தண்ணீர் அதில் 58 விழுக்காடு. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

70 கிலோ மனித உடலின் தனிமக் கணக்கைப் பாடப்புத்தகங்களில் காணலாம். அதை 60 கிலோவுக்குச் சுருக்கி எதிரெதிரே வைத்துப் பாருங்கள். கால்சியம் சுமார் 860 கிராம் வேண்டும். சுட்ட சுண்ணாம்பு 1.5 கிலோவில் 1,070 கிராம் இருக்கிறது. வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பு என்றால் 810 கிராம். தேக்காவில் வெற்றிலைக் கடையில் வாங்குவதுதான் கணக்குக்குக் கிட்ட வருகிறது. சோடியம் 86 கிராம் வேண்டும். 250 கிராம் உப்பில் 98 இருக்கிறது. பாஸ்பரஸ் 670 வேண்டும், பட்டியல் 800 தருகிறது. இரும்பு 3.6 வேண்டும், தருவது 5. கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான்.

இடிப்பது பொட்டாசியம். 120 கிராம் வேண்டிய இடத்தில் 100 கிராம் வெடியுப்பிலிருந்து 39 கிராம்கூட முழுசாகக் கிடைக்காது. பெயர் சொல்லாத அந்த 15 தனிமங்களில் மக்னீசியம், துத்தநாகம் எல்லாம் அடங்கும் என்று விட்டுக்கொடுக்கலாம். ஆனால் 80 கிராமுக்கு மேல் துண்டு விழுவதைத் துளிக்கணக்கில் அடைக்க முடியாது. நரம்பு மின்துடிப்புக்கும் இதயத் துடிப்புக்கும் ஆதாரமான உப்பு அது. கரியோ எதிர்ப்பக்கம் எகிறுகிறது: 14 கிலோ போதும், 20 கிலோ கொட்டியிருக்கிறார்கள். ஆக்சிஜனில் 5 கிலோ, ஹைட்ரஜனில் ஒன்றரைக் கிலோ குறை. காரணம் எளிது. தண்ணீரைக் கழித்தபின் மிஞ்சுவதைப் பட்டியல் வெறும் கரியாக எண்ணிக்கொள்கிறது. கொழுப்பிலும் புரதத்திலும் கரியோடு கைகோத்திருக்கும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் விட்டுப்போயின. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டார்கள் என்று வாதாடலாம். ஹைட்ரஜனுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

கைச்செலவுக் காசு? சிங்கப்பூரில் நடக்காது. வெடியுப்பு இங்கே வெடிபொருள் மூலப்பொருள் பட்டியலில் இருக்கிறது. காவல்துறை உரிமம் இல்லாமல் தொட முடியாது. வெள்ளைப் பாஸ்பரஸ் சுமார் 30 டிகிரியில் காற்றிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். நம் ஊர் மதிய வெயிலில் பொட்டலம் கட்டி எடுத்து வரும் பொருள் அன்று. ஃபுளோரினுக்குப் பற்பசை ஒன்றுதான் வழி. பெரியவர்களுக்கான பற்பசையில் பத்து லட்சத்துக்கு 1,450 பங்கு ஃபுளோரைடு இருந்தால், 7.5 கிராமுக்கு 100 கிராம் குழாய் 50-க்கு மேல் பிதுக்க வேண்டும்.

இவ்வளவு குடைந்தாலும், கற்பனைக் கதையொன்று பட்டியலைத் தராசில் வைக்கும் அளவுக்குத் தருவதே அபூர்வம். மதிப்பெண் போட்டால் 60-க்கு மேல் தாராளமாகத் தரலாம்.

சிக்கல் அடுத்ததில் இருக்கிறது. தொடரின் உயிர்நாடியாக எல்லோரும் மேற்கோள் காட்டுவது ‘சமமாற்று’ விதி: ஒன்றைப் பெற அதே மதிப்புள்ள ஒன்றைக் கொடுக்க வேண்டும். ரசவாதத்தின் அடிப்படையே இதுதான் என்று கதைமாந்தர்கள் பேசுகிறார்கள். நிஜ ரசவாதி எவரும் அப்படிப் பேசியதில்லை. அது லவோய்சியேயின் குரல். மூடிய பாத்திரத்தில் வினைக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒன்றே என்று 1789-இல் நூலில் எழுதி வைத்தவர் அவர். 1794-இல் பாரிசில் கில்லட்டினுக்குத் தலை கொடுத்தார். ரசவாதத்துக்குச் சமாதி கட்டிய விதியை எடுத்து ரசவாதிகளின் வாயில் வைத்திருக்கிறார் அரகாவா.

நிஜ ரசவாதிகள் விற்ற சரக்கு நேர் எதிரானது: கொஞ்சம் போட்டு மலையளவு எடுப்பது. உருகிய ஈயத்திலோ சூடான பாதரசத்திலோ, அவர்கள் தேடிய ‘ஞானியர் கல்’ என்ற பொருளின் பொடியை ஒரு சிட்டிகை தூவினால் பாத்திரம் முழுக்கப் பொன்னாகும் என்பதுதான் கடைசிப் படி. ஜான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கால் கிரெயின் பொடியைக் கொண்டு 8 அவுன்ஸ் பாதரசத்தைத் தன் கையாலேயே பொன்னாக்கியதாக எழுதியிருக்கிறார். கிராமில் சொன்னால் 0.016 கிராம் போட்டு 245 கிராமுக்குப் பக்கம் எடுத்த கணக்கு, 15,000 மடங்கு. இதே மனிதர்தான் 200 பவுண்டு உலர்மண்ணை நிறுத்துத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றி, மறுபடி நிறுத்தவர். மரம் 169 பவுண்டு ஆகியிருந்தது, மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ். ஆகவே மரம் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். காற்றிலிருந்து மரம் கரியை எடுக்கும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. இம்மி பிசகாமல் நிறுக்கும் கையும், 15,000 மடங்கை நம்பும் மனமும் ஒரே ஆளுக்குள் குடியிருந்தன. தொடரில் இந்த இரண்டையும் பிரித்து, நிறுக்கும் கையை எல்ரிக் சகோதரர்களுக்கும் பெருக்கும் ஆசையை வில்லனுக்கும் கொடுத்திருக்கிறார்கள். ரசவாதத்தைத் தெரிந்தவர் செய்த வேலை இது.

ஏனென்றால் தொடரின் ஞானியர் கல் விதியை மீறுவதுபோல் தோன்றுமே தவிர, உண்மையில் மீறாது. விலையை வேறொருவர் தலையில் கட்டிவிடும். மனித உயிர்களை உருக்கிச் செய்த கல் அது என்று தெரிய வரும்போது, ‘கொஞ்சம் போட்டுக் கோடி எடுக்கும்’ பழைய வாக்குறுதிக்கே ஒரு கணக்குப் புத்தகம் திறக்கப்படுகிறது. கதையாசிரியரின் கெட்டிக்காரத்தனம் அங்கே.

பெயர்களும் சின்னங்களும் ஏனோதானோவென்று அள்ளிப் போட்டவை இல்லை. சகோதரர்களின் அப்பா வான் ஹோஹென்ஹைம். 1541-இல் இறந்த சுவிஸ் மருத்துவ ரசவாதி பாரசெல்சஸின் முழுப்பெயர் பிலிப்பஸ் ஆரியோலஸ் தியோஃப்ராஸ்டஸ் பொம்பாஸ்டஸ் ஃபொன் ஹோஹென்ஹைம். குடுவைக்குள் இருக்கும் குள்ளன், அன்று அடிமையாக இருந்த அந்த அப்பாவுக்குப் பெயர் வைக்கும் காட்சியில் முதலில் நீளப் பெயரைச் சொல்லி, அது வாயில் நுழையாததால் சுருக்குவான். விவரம் தெரிந்தவர்களைச் சிரிக்க வைக்கும் இடம். அந்தக் குள்ளனும் பாரசெல்சஸ் பெயரில் உலவும் ஒரு நூலிலிருந்து வந்தவன்தான். நூலை அவரே எழுதினாரா என்பது சந்தேகம். செய்முறை இது: ஆணின் விந்தைக் குடுவையில் அடைத்து, குதிரைச் சாணத்தில் புதைத்து 40 நாள் அழுக விட வேண்டும். சாணம் புளிக்கும்போது சூடு தரும். அடுப்பும் ஆளும் இல்லாமல் நாள்கணக்கில் இளஞ்சூடு நிற்கும். அசையத் தொடங்கியதும் மனித ரத்தத்தின் சாரத்தை ஊட்டி அதே சூட்டில் 40 வாரம் வைத்தால் சின்னஞ்சிறு மனிதன் தயார். தொடரில் ஹோஹென்ஹைமின் ரத்தத்திலிருந்து குள்ளன் பிறக்கிறான். சாணத்தை மட்டும் நாகரிகமாக விட்டுவிட்டார்கள்.

எட்வர்டின் சிவப்பு அங்கியில் சிலுவையில் சுற்றிய பாம்பு நிக்கோலா ஃபிளாமெலின் பெயரோடு ஒட்டிய சின்னம். ஃபிளாமெல் பாரிசில் 1418-இல் இறந்த எழுத்தர். 1407-இல் அவர் கட்டிய கல்வீடு இன்றும் அங்கே நிற்கிறது, கீழ்த்தளத்தில் உணவகம் நடக்கிறது. அவர் ரசவாதி என்ற புகழெல்லாம் 1612-இல் அவர் பெயரில் அச்சான நூலால் வந்தது, அதாவது செத்து ஏறத்தாழ 200 ஆண்டு கழித்து. வால் கடிக்கும் பாம்பு இதைவிடப் பழசு. எகிப்தின் கிரேக்க ரசவாதச் சுவடியில் அதன் வளையத்துக்குள் ‘எல்லாம் ஒன்றே’ என்று பொறித்திருக்கும். 12-ஆம் பகுதியில் ஆசிரியை இஸுமி சிறுவர்களைத் தீவில் விட்டு விடை தேடச் சொல்லும் புதிர், ‘ஒன்றே எல்லாம், எல்லாமே ஒன்று’. சுவடியிலிருந்து பாடத்திட்டத்துக்கு நேராக இறக்கியிருக்கிறார்கள்.

நிலவரைபடத்துக்கு வருவோம். பாலைவனத்தில் அழிந்த ஸெர்க்ஸீஸ், அதற்கு மேற்கே ராணுவ ஆட்சி நடக்கும் அமெஸ்ட்ரிஸ், கிழக்கே பேரரசன் ஆளும் ஷிங். பாரசீக மன்னன் ஸெர்க்ஸீசின் அரசியின் பெயர் அமெஸ்ட்ரிஸ். தாய்நாட்டுக்கும் அதன் வாரிசு நாட்டுக்கும் கணவன் மனைவி பெயர். நிஜ வழித்தடமும் இப்படித்தான் மணல் வழியாகப் போனது. அலெக்சாண்டிரியா வட்டாரத்துக் கிரேக்கச் சுவடிகள் அரபுக்குப் போயின. ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வந்த நூல்கள் உலோகம் எல்லாமே கந்தகமும் பாதரசமும் கலந்தவை என்றன. 1144-இல் செஸ்டர் ராபர்ட் ஓர் அரபு நூலை லத்தீனில் பெயர்த்ததோடு ஐரோப்பா இதில் இறங்கியது. அரபுலகத்தின் இந்த 500 ஆண்டு உழைப்பைத் தொடர் ஒரே இரவில் அழிந்த ஒரு நகரமாகச் சுருக்கிவிட்டது. வரலாற்றுக் கணக்கில் பெரிய ஓட்டை இதுதான்.

ஷிங்கின் கலை மருத்துவம் சார்ந்தது, பூமியின் நாடியைப் படிப்பது. சீன ரசவாதத்தின் நோக்கமும் பொன்னைவிட ஆயுள்தான். ஷிங் மன்னன் சாகாமைக்குத் தவிப்பதற்கு முன்னோடி, கி.மு. 210-இல் இறந்த சீனாவின் முதல் பேரரசன் சின் ஷி ஹுவாங். மருந்துக்காகக் கடலுக்குக் கப்பல் அனுப்பியவன் அவன். டாங் அரசமரபில் சாகாமருந்து சாப்பிட்டுச் செத்த மன்னர்களும் உண்டு. மேற்கிலிருந்து பாலைவனம் தாண்டி வந்த பொன்னிற முனிவரால் தங்கள் கலை வளர்ந்தது என்று ஷிங் நாட்டுச் சிறுமி மே சாங் சொல்லும் இடத்தில் தமிழர்களுக்குப் போகர் நினைவு வராமல் போகாது. அவர் சீனத்துக்குப் போனார் என்றும், அங்கிருந்து வந்தார் என்றும் இருவிதமாகவும் மரபு சொல்லும். தேங் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குத் தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பவர்களிடம் பழனி நவபாஷாணக் கதையை யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

தொடர் கோட்டைவிட்டது அடுப்பை. தரையில் வட்டம் வரைந்து கைதட்டினால் ஒரு நொடியில் காரியம் முடிகிறது. நிஜத்தில் ரசவாதம் என்றால் நெருப்பைக் கட்டி மேய்க்கும் தொழில். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இன்றும் இருக்கும் ஒரு செய்முறையைப் பாருங்கள். சுத்தி செய்த பாதரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்தில் போட்டு, பாதரசத்தின் மினுக்கு கண்ணுக்குத் தெரியாத வரை அரைக்க வேண்டும். கரும்பொடி வரும். வேதியியல் கணக்குப்படி 100 கிராம் பாதரசத்துக்கு 16 கிராம் கந்தகம் போதும்; கந்தகம் எரிந்து வீணாகும் என்பதால் கூடுதலாகவே போடுவார்கள். பொடியைக் கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல் இட்டு, குப்பியைச் சுற்றிச் சீலைமண் (மண் தோய்த்த துணி) ஏழு சுற்றுச் சுற்றிக் காயவைத்து, மணல் நிரப்பிய சட்டியில் புதைத்து, சிறுதீ, நடுத்தீ, பெருந்தீ என்று படிப்படியாக ஏற்ற வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. தீயை அவசரமாக ஏற்றினால் கந்தகம் சேருமுன் எரிந்துபோய்ப் பாதரசம் ஆவியாக ஓடிவிடும். கந்தகம் குப்பியின் கழுத்தில் உறைந்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை அவ்வப்போது விட்டுக் கழுத்தைத் திறந்து வைக்க வேண்டும். கந்தகப் புகை நிற்குமுன் மூடியை அடைத்தாலும் அதே கதி. எல்லாம் சரியாக நடந்து, ஆறவிட்டுக் குப்பியை உடைத்தால் கழுத்தின் உட்புறம் சிவப்புப் படிகம் ஒட்டியிருக்கும். அடியில் போட்டது கறுப்பு, மேலே ஏறியது சிவப்பு; இரண்டும் ஒரே சேர்மந்தான், அணுக்கள் அடுக்கிய விதம் வேறு. ஞானியர் கல் கறுப்பில் தொடங்கி வெண்மை வழியாகச் சிவப்பில் முடியும் என்று ஐரோப்பிய நூல்கள் திரும்பத் திரும்பச் சொன்னதற்குப் பின்னால் இப்படிப்பட்ட குப்பிகளும் இருந்திருக்கும். தொடரில் கல்லைச் செய்யும் டாக்டர் மார்க்கோவின் சிவந்த குழம்பைக் காட்டியவர்கள் இந்த நிறமாற்றத்துக்கு ஒரு காட்சி ஒதுக்கியிருக்கலாம்.

வீட்டில் முயல வேண்டாம். பாதரச ஆவி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கடையில் விற்கும் மரபு மருந்துகளில் பாதரசம் பத்து லட்சத்துக்கு அரைப் பங்கைத் தாண்டக்கூடாது என்று சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் வரம்பு வைத்திருப்பதும் காரணமில்லாமல் இல்லை.

தீயின் அளவுக்கு நம்மவர்கள் வெப்பமானி வைத்திருக்கவில்லை, வறட்டி எண்ணினார்கள். மருந்தை மூடி வைத்து எரிக்கும் முறைக்குப் புடம் என்று பெயர்: காடைப் புடத்துக்கு ஒன்று, கோழிப் புடத்துக்கு 10, வராகப் புடத்துக்கு 50, கசபுடத்துக்கு 1,000. நூலுக்கு நூல் எண்ணிக்கை சற்று மாறும். எட்வர்டின் உலகில் இப்படியொரு அளவுகோல் கிடையாது. அதனால்தான் அங்கே அரைகுறைத் தோல்வியே இல்லை. ஒன்று பூரண வெற்றி, இல்லையென்றால் கை கால் போகும் பேரழிவு. பாதி வெந்த சரக்கு, விரிசல் விட்ட மூசை (உருக்கும் மண்கலம்), மூன்றாம் வாரம் அணைந்த அடுப்பு என்று ரசவாதியின் அன்றாடம் எதையும் பார்க்க முடியாது. ஐந்து உலோகத்தையும் ரசத்தால் பொன்னாக்கி விற்றுச் சாப்பிடலாம், மனத்தை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று பாடிய தாயுமானவருக்கு எட்வர்டின் குணம் பார்த்தவுடன் புரிந்திருக்கும்.

தொடரின் ராணுவ ரசவாதி ராய் மஸ்டாங்கின் நெருப்பு பற்றிச் சுருக்கமாக. கையுறை உரசிப் பொறி தருகிறது, காற்றின் ஆக்சிஜனைக் கூட்டிக் குறைத்துத் தீயை இயக்குகிறார். ஆக்சிஜன் தானாக எரியாது; எரிபொருள் வேண்டும், அது பல காட்சிகளில் காணோம். 19-ஆம் பகுதியில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைப் பற்றவைப்பது மட்டும் முறையானது. ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்க ஏறத்தாழ 16 மெகாஜூல் வேண்டும், வெடிக்கும்போது திரும்பக் கிடைப்பதும் அதே 16. சமமாற்று விதி கச்சிதமாகப் பொருந்தும் ஒரே சண்டை அதுதான். முதல் 16 எங்கிருந்து வருகிறது? நிலத்தட்டுகளின் அசைவிலிருந்து என்று அமெஸ்ட்ரிஸ் பாடப்புத்தகம் சொல்கிறது (அது பொய் என்பது பிறகு தெரியும்). தட்டு விளிம்பு எதிலும் உட்காராத சிங்கப்பூரில் கைதட்டினால் கை வலிப்பதுதான் மிச்சம்.

தொடரின் உண்மையான பலம் அரசியல் வரலாறு. அமெஸ்ட்ரிஸ் ராணுவத்தில் வேலை செய்யும் அரசு ரசவாதிகளுக்கு மூன்று கட்டளை: மனிதனைச் செய்யாதே, பொன் செய்யாதே, ராணுவத்துக்குக் கீழ்ப்படி. இங்கிலாந்தில் நான்காம் ஹென்றி 1404-இல் பொன், வெள்ளியைப் பெருக்குவதைப் பெருங்குற்றமாக்கினார். அந்தச் சட்டம் 1689 வரை இருந்தது. நீக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் ராபர்ட் பாயில். ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் எகிப்தின் பொன்செய் நூல்களை எரிக்கச் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. நாணயத்தின் மதிப்பு கையை விட்டுப் போகும் என்ற பயம் எல்லா அரசுக்கும் ஒன்றே.

‘ராணுவத்தின் நாய்’ என்று எட்வர்டை ஊரார் ஏசுவதற்கு நிஜத்தில் இதைவிடக் கொடிய உதாரணங்கள் உண்டு. பிராகில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப், ரசவாதி எட்வர்ட் கெல்லிக்குப் பட்டம் கொடுத்தார், பிறகு கோட்டையில் அடைத்தார். வுர்ட்டெம்பர்க் பிரபு 1597-இல் கியோர்க் ஹொனாவரை ஸ்டுட்கார்ட்டில் தூக்கில் போட்டார். பெர்லினில் மருந்தகத்தில் வேலை கற்றுக்கொண்டிருந்த யோஹான் பொட்கர் பொன் செய்வதாகப் பேச்சு அடிபட்டதும் 1701-இல் தப்பி ஓடினார். சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ் பிடித்து அடைத்துவைத்துப் பொன் கேட்டார். பொன் வரவில்லை. ஷிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரோடு சேர்த்துப் பீங்கான் ஆய்வில் இறக்கிவிட்டார்கள். 1708-இல் வெள்ளைப் பீங்கான் வந்தது, 1710-இல் மைசன் ஆலை தொடங்கியது. 1714 வரை அவருக்கு விடுதலை இல்லை, 37 வயதில் செத்தார். சீனப் பீங்கானுக்கு ஐரோப்பா அப்படி ஏங்கியது ஏன் என்று தெரிய எம்பிரஸ் பிளேசில் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போய், 9-ஆம் நூற்றாண்டில் மூழ்கிய டாங் காலக் கப்பலின் சரக்கைப் பாருங்கள். எட்வர்டுக்குக் கிடைத்த வெள்ளிச் சட்டைப்பைக் கடிகாரமும் ஆய்வுப் பணமும் பொட்கர் கனவிலும் காணாதவை.

எட்வர்டின் இரும்புக் கைக்கும் முன்னோடி உண்டு. 1504-இல் கை இழந்த ஜெர்மன் வீரன் கோட்ஸ் ஃபொன் பெர்லிசிங்கன் பொருத்திக்கொண்ட இரும்புக் கையில் விரல்களை மடக்கிப் பூட்டலாம், கடிவாளம் பிடிக்கலாம். நரம்போடு இணைப்பதுதான் கற்பனை.

இஷ்வால் மக்களை அமெஸ்ட்ரிஸ் ராணுவம் படுகொலை செய்ததை 30-ஆம் பகுதி சொல்கிறது. அரகாவா ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். அங்குள்ள பூர்வகுடிகளான ஐனு மக்களின் நிலத்தில் குடியேறியவர்களின் வழி வந்தவர். போருக்குப் போன முதியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியில் வீரவசனம் குறைவாகவும் ஆணைத்தாள் அதிகமாகவும் இருப்பதற்கு அது காரணமாக இருக்கலாம். கதை நடக்கும் ஆண்டு 1914 என்பதும் தற்செயலாக வைத்தது போல் தெரியவில்லை.

எதை வாங்குவது? ஆங்கிலத்தில் மாங்கா மூன்று வடிவில் உண்டு: தனித்தனி 27, மூன்றை ஒன்றாகக் கட்டிய 9, கெட்டி அட்டையில் பெரிய அளவில் 18. வட்டங்களின் குறியீடுகளை நுணுக்கிப் பார்க்க ஆசையென்றால் கெட்டி அட்டை. மற்றவர்களுக்கு 9 தொகுதிக் கட்டு போதும், நடுமடிப்பில் படம் மறைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். காசு போடுமுன் நூலக வாரியப் பட்டியலில் தேடிப் பாருங்கள். பிறகு ஆர்ச்சர்ட் ரோட்டில் கினோகுனியாவுக்குப் போகலாம். ஸ்ட்ரீமிங் உரிமைகள் கைமாறிக்கொண்டே இருக்கும், சந்தாவுக்கு முன் 64 பகுதியும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள்.

பிரதர்ஹுட்டின் முதல் பத்துப் பன்னிரண்டு பகுதிகள் ஓட்டமாக ஓடும். அதே நிறுவனம் 2003-இல் எடுத்த 51 பகுதித் தொடரில் விரிவாகச் சொன்னவற்றை மறுபடி சொல்ல மனமில்லை. சுரங்கக் கழிவைப் பொன்னாக்கிச் சுரங்கத்தை விலைபேசும் அருமையான கதை மாங்காவின் முதல் தொகுதியில் இருக்கிறது, இங்கே முழுசாக இல்லை. பொன் தடைச் சட்டத்தின் பொருள் விளங்க அதைப் படித்தே ஆகவேண்டும். ரசவாத வரலாற்றுக்காக மட்டும் பார்ப்பவர்கள் 12, 19, 30, 40 ஆகிய பகுதிகளைத் தவறவிடக்கூடாது. குடுவைக் குள்ளன் வருவது 40-இல். நான்காம் பகுதியில் ஒரு சிறுமிக்கும் நாய்க்கும் நடப்பதைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள், உயர்நிலை ஒன்றில் இருப்பவர்களோடு கூட உட்கார்ந்து பாருங்கள்.

2003 தொடர் பாதியில் தனி வழி போய், ரசவாதிகள் காணும் மாயக் கதவுக்கு மறுபக்கம் நம் உலகத்தையே வைக்கிறது. அதன் தொடர்ச்சியான 2005 திரைப்படம் 1923 மியூனிக்கில், ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்ற நாட்களில் நடக்கிறது. ரசவாதம் வளர்ந்த உலகமும் இயற்பியல் வளர்ந்த உலகமும் எதிரெதிரே நிற்கும் அந்தக் கற்பனை வரலாற்றுப் பிரியர்களுக்குத் தனி விருந்து. பிரதர்ஹுட்டை முடித்த கையோடு அதைப் போட்டால் தலையும் புரியாது, காலும் புரியாது. 51 பகுதியைப் பார்த்த பிறகே போடுங்கள். 2011 திரைப்படத்தைப் பொறுத்தவரை, அதில் ரசவாதத்தைவிட எரிமலைக் குழம்பு அதிகம். நேரம் மிச்சமிருந்தால் மட்டும்.